பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக் கிட்டார்: எந்தக் குறையைப் பொறுக்கலாம், எதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்

புதுச்சேரிக் கடை ஒன்றில் ஆர்டர் கொடுத்து வரவழைத்த செமி-ஹாலோ (உள்ளே பாதி கூடான) ட்வெல்வ்-ஸ்ட்ரிங் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றியது இந்த விமர்சனம். பன்னிரண்டு கம்பியும் ஆறு ஜோடியாக இருக்கும். சில ஜோடிகளில் இரண்டும் ஒரே சுருதி, மற்றவற்றில் ஒன்று ஒரு ஸ்தாயி மேலே. விலை நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே விலையில் இதே அமைப்போடு வேறு பெயர்களில் வரும் கிட்டார்களிலும் குறை இருந்தால் பெரும்பாலும் இதே இடங்களில்தான் இருக்கும். ஆகவே அளக்கும் முறையோடு சேர்த்தே எழுதியிருக்கிறேன். உங்கள் கையில் இருப்பதையும் இப்படியே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அமைப்பு இதுதான். மேப்பிள் நெக், பாடியோடு பசை போட்டு ஒட்டிய ஜாயின்ட். ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு (விரல் வைக்கும் பலகை), 22 ஃப்ரெட் (அதன் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்). ஸ்கேல் நீளம், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அதிரும் கம்பியின் நீளம், 628 மி.மீ. நட், அதாவது நெக்கின் தலைமாட்டில் கம்பிகள் உட்காரப் பள்ளம் வெட்டிய துண்டு, 43 மி.மீ. அகலம். இரண்டு மினி ஹம்பக்கர் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்). பாடியின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், அதில் கம்பி உட்காரும் சேடில் ஆறே ஆறு. அதன் பின்னால் கம்பிகளின் முனையைப் பிடித்து ஊஞ்சல் மாதிரித் தொங்கும் ட்ரபீஸ் டெயில்பீஸ். மூடிய கியர் கொண்ட டியூனிங் கீ பன்னிரண்டு. எடை 3.6 கிலோ.

முதலில் சுமைக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. இந்த ஸ்கேல் நீளத்தில் ஆறு கம்பிகளின் 10-46 செட்டை முழு சுருதியில் ஏற்றினால் நெக்கின் மேல் ஏறும் இழுப்பு சுமார் 45 கிலோ. பன்னிரண்டு கம்பிக்கு வழக்கமாகப் போடும் செட் 10-10, 13-13, 17-8, 26-12, 36-18, 46-26. எல்லாம் கம்பியின் பருமன், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை என்ற கணக்கு. ஜோடிகளை மெல்லிய பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். அதன் மொத்த இழுப்பு 90 கிலோவைத் தாண்டும். ஒரு ஆள் நெக்கின் நுனியைப் பிடித்துக்கொண்டு இராப்பகலாகத் தொங்குவதற்குச் சமம். ஆறு கம்பி கிட்டாரில் வருஷக்கணக்கில் வெளியே தெரியாத ஒட்டுப் பிசகு, இதில் ஆறே மாதத்தில் வெளிப்பட்டுவிடும். விலையைக் குறைக்க நினைக்கும் தொழிற்சாலை கைவைப்பதும் நட், பிரிட்ஜ், சேடில் என்று இந்தச் சுமையைத் தாங்குகிற இடங்களில்தான் என்பது வருத்தமான விஷயம்.

பெயின்ட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பைண்டிங் (பாடி விளிம்பைச் சுற்றிய பட்டை) ஓரத்தில் இரண்டு இடத்தில் சிவப்புச் சாயம் கசிந்திருக்கிறது. பின்பக்கம் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளம் தெரிகிறது. கன்ட்ரோல் துளை ஒன்றின் விளிம்பு சற்றே சிதறியிருக்கிறது, நாப் போட்டதும் மறைந்துவிடும். இவை எதுவும் ஒலியையும் ஆயுளையும் தொடாது. கடையில் விலை பேசும்போது சுட்டிக்காட்டலாம், அவ்வளவுதான்.

கடைக்குப் போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை: அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய உலோக இதழ்கள்), கேப்போ (கம்பிகளை ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் க்ளிப்), க்ளிப் டியூனர், சின்ன மூலைமட்டம், மல்டிமீட்டர். ஃபீலர் கேஜுக்காக இசைக்கருவிக் கடை தேடி அலைய வேண்டாம். டூவீலர் மெக்கானிக்குகள் டேப்பெட் கேப் பார்ப்பதற்கு வைத்திருப்பதே போதும், எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். 0.05 மி.மீ. இதழிலிருந்து தொடங்குகிற செட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

பெட்டியைத் திறந்தபோது இந்தக் கிட்டார் ஒரு முழு ஸ்வரம் இறக்கி, அதாவது ஈ இருக்க வேண்டிய இடத்தில் டி-யாக, சுருதி சேர்த்து வந்திருந்தது. அனுப்பும்போது இறக்கி அனுப்புவது நியாயம்தான். ஆனால் அப்படியே கடையில் வாசித்துக் காட்டினால் நம்பி ஏமாந்துவிடுவோம். ஒரு ஸ்வரம் இறங்கினால் மொத்த இழுப்பு 90 சொச்சத்திலிருந்து 73 கிலோ அளவுக்கு வந்துவிடும். அந்த நிலையில் நெக் நேராகத்தான் தெரியும், ஆக்‌ஷனும் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) கைக்கு இதமாக இருக்கும். கடைக்காரரைக் கேட்டு முழு சுருதிக்கு ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றி இரண்டு நாள் அப்படியே வைத்திருந்து அளப்பதுதான் உண்மையான அளவு.

அளக்கும் விதம்: முதல் ஃப்ரெட்டில் கேப்போ. நெக் பாடியோடு சேரும் இடத்தில் கம்பியை விரலால் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியில் ஃபீலர் இதழை நுழைத்துப் பார்க்க வேண்டும். தடித்த கம்பிப் பக்கம் ஒரு முறை, மெல்லிய கம்பிப் பக்கம் ஒரு முறை. இந்தக் கிட்டாரில் டி-யில் இருந்தபோது இரு பக்கமும் 0.2 மி.மீ. முழு சுருதியில் இரண்டு நாள் கழித்து 0.4, 0.35. வளைவு கூடியது இயல்பு. கவனிக்க வேண்டியது இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, அது 0.05-க்குள் நின்றது. 0.15-க்கு மேல் போயிருந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முறுக்கலை ட்ரஸ் ராட் (வளைவைச் சரிசெய்ய நெக்குக்குள் வைத்த உலோகத் தண்டு) சரிசெய்யாது. அப்படிப்பட்ட கிட்டாரைப் பேச்சுக்கே இடமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி, அரை மணி நேரம் விட்டு, மறுபடி அரைக்கால் சுற்று இறுக்கியதில் 0.25-க்கு வந்து நின்றது. ராடின் திருகு நட்டு மரத்தில் உரசி முனகவில்லை, இன்னும் திருப்ப இடமும் இருந்தது. புது கிட்டாரிலேயே ராட் கடைசி வரை இறுக்கிய நிலையில் வந்தால் எடுக்காதீர்கள். வருஷம் போகப் போகத் தேவைப்படும் சேமிப்பை அது ஏற்கெனவே செலவழித்துவிட்டது.

இனி நட். இந்தக் கிட்டாரின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. கையாளத் தெரிந்தவர் கிடைத்தால் எளிதில் தீர்ந்துபோகிற குறையும் இதுவே.

முதலில் இடைவெளிக் கணக்கு. 43 மி.மீ. அகலத்தில் இரு ஓரமும் மூன்று மூன்று மி.மீ. விட்டால் கம்பிகளுக்கு மிஞ்சுவது 37. ஒரு ஜோடிக்குள் இரண்டு கம்பிக்கும் இடையே 2 மி.மீ. என்று ஆறு ஜோடிக்கு 12 போக, மீதி 25. ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே ஐந்து இடைவெளி, ஆக ஒவ்வொன்றும் 5 மி.மீ. இந்தக் கணக்கு ஒரே சீராக இருந்தால் 43 மி.மீ. நெக்கிலும் டி கார்டு (ஸ்வரக் கூட்டு) தாராளமாக விழும். இங்கே மூன்றாம் ஜோடிக்குள் 2.6, நான்காம் ஜோடிக்குள் 1.6 என்று வெட்டியிருக்கிறார்கள். அதனால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே விரல் நெருக்குகிறது. நான்காம் ஜோடியின் இரண்டு கம்பிகளும் அழுத்தி மீட்டினால் ஒன்றோடொன்று உரசி ‘ஜ்ர்’ரென்கின்றன. ஃப்ரெட் தட்டுகிறது என்று நினைத்து ஆக்‌ஷனை உயர்த்திக்கொண்டே போவார்கள், சத்தம் போகாது. சந்தேகம் வந்தால் ஜோடியில் ஒரு கம்பியை ஒரு துண்டுப் பஞ்சால் அடக்கிவிட்டு மற்றதை மட்டும் மீட்டுங்கள். சத்தம் நின்றுவிட்டால் பழி நட்டுடையது.

அடுத்தது உயரம். கம்பியை இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பார்த்தால் முடியிழை இடைவெளிதான் இருக்க வேண்டும், 0.05-லிருந்து 0.1 மி.மீ. வரை. இங்கே மூன்றாம் ஜோடியில் 0.4 இருந்தது. இந்த உயரத்தின் விளைவு பன்னிரண்டு கம்பியில் தனிக் கொடுமை. 17-ஆம் எண் ஜி கம்பியும் அதன் மேல் ஸ்தாயியான 8-ஆம் எண் கம்பியும் ஒரே அளவு கீழே அழுத்தப்பட்டாலும், சுருதி ஏறும் அளவு ஒன்றாக இருக்காது. இரண்டும் ஒரே எஃகு, ஒரே நீளம். ஆனால் ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் கம்பி தன் பருமனுக்குத் தளர்வாக இழுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அதே அழுத்தத்துக்கு அது ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாகச் சுருதி ஏறும். முதல் ஃப்ரெட்டில் அழுத்தி டியூனரில் பார்த்தபோது தடித்தது 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறி நின்றது, மெல்லியது 4 சென்ட். ஒரே ஜோடிக்குள் 10 சென்ட் பிளவு என்றால் காதில் அலை அலையாக அடிக்கும். திறந்த கம்பியில் அருமையாகச் சேர்ந்த சுருதி, எஃப் கார்டு பிடித்ததும் கலைந்துபோகிற மர்மம் இதுதான். டியூனிங் கீ நழுவுகிறது என்று கீயை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

மூன்றாவது, பள்ளத்தின் அகலம். சுருதி சேர்க்கும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் வந்து சுருதி குதித்தால், கம்பி பள்ளத்தில் சிக்கிச் சிக்கி நகர்கிறது. இந்தக் கிட்டாரில் நான்கு பள்ளங்களில் அந்தச் சத்தம் கேட்டது. 8-ஆம் எண் கம்பிக்கு இது உயிர் போகிற விஷயம். செட்டிலேயே மெல்லிய கம்பி அது, அடிக்கடி அறுவதும் அதுதான். அறுந்த இடத்தைப் பாருங்கள். நட்டுக்கு நேராக அறுந்திருந்தால் பள்ளத்தில் பிசிர். கீயின் தண்டில் அறுந்திருந்தால் துளையின் ஓரம் கூர். சேடிலில் அறுந்திருந்தால் சேடில் வெட்டு கூர். மூன்றுக்கும் மருந்து ஒன்றே: 1000-ஆம் நம்பர் தண்ணீர்ச் சாணைத் தாளை ஒரு பழைய கம்பியில் சுற்றி இழைத்துவிட்டு, பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துவிடுவது.

நட் பள்ளத்தை ஆழப்படுத்துவது வேறு வேலை. கம்பி அளவுக்கு ஏற்ற நட் ஃபைல் செட் இல்லாதவர்கள் கேஸ் வெல்டிங் நாசில் துடைக்கும் கம்பி செட்டைப் பயன்படுத்துகிறார்கள். மெல்லிய கம்பிகளுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பின்பக்கம், ஹெட்ஸ்டாக் (டியூனிங் கீ இருக்கும் தலைப்பகுதி) நோக்கி, லேசாகச் சரிய வேண்டும். சரிவு இல்லாமல் தட்டையாக இழைத்தால் சிதார் மாதிரி இரையும். ஒரு இழை அதிகமாகப் போனால் நட் போயிற்று. முதல் முறையாக இந்த வேலையைச் செய்கிறவர் புது கிட்டாரில் கை பழக வேண்டாம். இந்தக் கிட்டாரில் இடைவெளியே பிசகாக இருப்பதால் இழைத்துப் பயனில்லை. பிளாஸ்டிக் நட்டைத் தட்டி எடுத்துவிட்டு எலும்பு நட் ஒன்றைப் புதிதாக வெட்டுவதே சரி.

புது நட் வெட்டக் கொடுக்கும்போது ஜோடிக்குள் எந்தக் கம்பி மேலே என்பதையும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான ட்வெல்வ்-ஸ்ட்ரிங்கில் மேல் ஸ்தாயிக் கம்பி கட்டைவிரல் பக்கம் இருக்கும், கீழ்நோக்கி மீட்டும்போது முதலில் அது ஒலிக்கும். ரிக்கன்பேக்கர் என்ற அமெரிக்கக் கம்பெனி இதைத் தலைகீழாக வைத்தது, அங்கே தடித்த கம்பி முதலில் ஒலிக்கும். 1964-இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கையில் அந்தக் கிட்டார் வந்த பிறகு உலகம் கேட்ட மணியோசையில் இந்த வரிசைக்கும் பங்கு உண்டு. அந்த ஒலி வேண்டும் என்று பின்னாளில் கம்பியை மட்டும் இடம் மாற்றினால் 46-ஆம் எண் கம்பி 26-க்கு வெட்டிய பள்ளத்தில் உட்காராது. நட் வெட்டும் நாளே முடிவு செய்ய வேண்டிய காரியம் இது.

பிரிட்ஜுக்கு வருவோம். முழு சுருதியில் மூலைமட்டத்தைப் பாடியின் மேல் நிறுத்தி பிரிட்ஜ் தண்டுகளோடு ஒட்டிப் பாருங்கள். மெல்லிய கம்பிப் பக்கத் தண்டு நெக்கை நோக்கி ஏறக்குறைய ஒரு மி.மீ. சாய்ந்திருக்கிறது. தண்டு வளையவில்லை. மரத்துக்குள் அடித்த புஷ்ஷின் துளை பெரிதாக இருப்பதால் தண்டு ஆடுகிறது. ஒவ்வொரு முறை சுருதி ஏற்றும்போதும் பிரிட்ஜ் கொஞ்சம் முன்னால் வரும், அதோடு எல்லா இன்டொனேஷனும் (ஃப்ரெட் ஏற ஏறச் சுருதி சரியாக நிற்பது) கலையும். சரியான அளவில் புது புஷ்ஷும் தண்டும் போட்டால் தீரும். ஆனால் புஷ்ஷே மரத்திலிருந்து மேலே எழும்பி, சுற்றிலும் பெயின்ட் வட்டமாக வெடித்திருந்தால் அது மரத்தின் பலவீனம். அதை ஏற்காதீர்கள்.

சேடில் வெட்டும் பிசகியிருக்கிறது. நட்டில் இரு ஓரமும் 3.1, 3.0 என்று சரியாக இருக்கும் கம்பிகள், 22-ஆம் ஃப்ரெட்டில் மெல்லிய பக்கம் 2.4, தடித்த பக்கம் 4.0 என்று ஒதுங்குகின்றன. முதல் ஜோடியில் வைப்ரேட்டோ கொடுத்தால் வெளிக்கம்பி ஃப்ரெட்டை விட்டு நழுவி விழுகிறது. இப்படி மேலே போகப் போக ஒதுங்கினால் காரணம் இரண்டில் ஒன்று. சேடிலில் பள்ளம் தள்ளி வெட்டப்பட்டிருக்கலாம், அல்லது நெக்கே கோணலாக ஒட்டப்பட்டிருக்கலாம். முதலாவது சில்லறைச் செலவு. இரண்டாவது என்றால் கிட்டாரே வேண்டாம். எது என்று கண்டுபிடிக்க ஒரு மீட்டர் அலுமினிய ஸ்கேலை நெக்கின் பக்கவாட்டில் நட்டிலிருந்து ஒட்டிவைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். ஸ்கேலின் ஓரத்திலிருந்து அந்தப் பக்கத் தண்டின் மையம் எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுபக்கமும் அப்படியே. இரண்டு தூரமும் ஒன்றானால் நெக் நேர். இங்கே வித்தியாசம் அரை மி.மீ.-க்குள்தான். ஆக, குற்றவாளி சேடில். பள்ளம் வெட்டாத ஆறு சேடில் வாங்கி, கம்பிகளைச் சேடிலில் சுமார் 1.1 மி.மீ. தடித்த பக்கம் நகர்த்தி வெட்ட வேண்டும்.

ஆறு சேடில் பிரிட்ஜில் இன்டொனேஷன் முழுசாக ஒருநாளும் அமையாது என்பதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். தடித்த கம்பிக்கு நீளம் கொஞ்சம் கூட வேண்டும், மெல்லியதற்கு அவ்வளவு வேண்டாம். 17-8 ஜோடிக்கு இந்த வித்தியாசம் ஓரிரு மில்லிமீட்டர் இருக்கும், சேடிலோ ஒன்றே ஒன்று. தடித்ததற்குச் சரியாக வைத்தால் 12-ஆம் ஃப்ரெட்டில் மெல்லியது இறங்கி ஒலிக்கும், மெல்லியதற்குச் சரியாக வைத்தால் தடித்தது ஏறி ஒலிக்கும். 1965-இல் வந்த ஃபெண்டர் எலெக்ட்ரிக் ட்வெல்வ் கம்பிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சேடில் வைத்து இதைத் தீர்த்தது. அறுபது வருஷத்துக்கு முன்பே தீர்ந்த பிரச்சினையை நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்க் கிட்டாரில் மறுபடி சுமக்க வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. ஓரளவு சமாளிக்க வழி இருக்கிறது. 17 பிளெயின் (சுற்றில்லாத) ஜி-க்குப் பதிலாக 20-ஆம் எண் சுருள் சுற்றிய கம்பியைப் போடுங்கள். உள்ளே இருக்கும் மையக் கம்பி மெல்லியது என்பதால் அதற்குத் தேவைப்படும் கூடுதல் நீளம் குறையும், ஜோடி நெருங்கிவரும். நட்டில் அந்தப் பள்ளத்தை 20-க்கு வெட்டச் சொல்ல வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

நெக் ஜாயின்ட்டில் ஒரு மயிரிழைக் கோடு இருக்கிறது. பின்பக்கம், நெக்கின் அடிமுனையான குதிகால் பாடியோடு சேரும் இடத்தில், தடித்த கம்பிப் பக்கமாக ஒரு சென்டிமீட்டர் நீளம். நகத்தை மெதுவாக அதன் மேல் ஓட்டினால் தட்டுப்படவில்லை. கிட்டாரை மடியில் வைத்து ஹெட்ஸ்டாக்கை லேசாக முன்னும் பின்னும் அசைத்தபோது கோடு வாய் திறக்கவில்லை, ‘டிக்’ என்ற சத்தமும் வரவில்லை. பெயின்ட் மட்டும் விரிந்திருந்தால் இப்படித்தான் இருக்கும். நகம் தட்டினாலோ, அசைக்கும்போது சுருதி குழைந்தாலோ, ஒட்டு விடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டின் இரு முனையிலும் பென்சிலால் சின்னக் குறுக்குக்கோடு போட்டுத் தேதியோடு ஒரு போட்டோ எடுத்துவைப்பது நல்லது.

ஃப்ரெட் வேலை சுமாருக்கு மேல். ஏடிஎம் கார்டின் ஓரத்தை மூன்று ஃப்ரெட்டின் மேல் நிறுத்தி ஆட்டிப் பார்த்ததில் 15-ஆம் ஃப்ரெட்டில் மட்டும், மெல்லிய பக்கம், கார்டு ஆடியது. 14-இல் அழுத்தினால் லேசாக இரைச்சல். அந்த முனை பள்ளத்தில் முழுசாக உட்காரவில்லை. மரத்துண்டு வைத்து அழுத்தி, மெல்லிய சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டால் போதும். ஃப்ரெட் முனைகள் கையை அறுக்கவில்லை. ஆனால் புதுச்சேரியில் மழை நாளில் வாங்குகிறவர்கள் இதை வைத்து மயங்க வேண்டாம். ஈரத்தில் மரம் உப்பி முனைகளை மறைத்துவிடும். இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறையில் ஒரு மாதம் வைத்த பிறகுதான் உண்மை தெரியும்.

பன்னிரண்டு கீயும் சீராகச் சுற்றுகின்றன. இரண்டின் மேல் நட்டு தளர்ந்திருந்தது, பைக் டூல் கிட்டில் இருக்கும் 10 மி.மீ. ஸ்பேனரே அதற்குப் பொருந்துகிறது. மெதுவாக இறுக்கவும், மரை நைந்தால் மாற்று கிடைப்பது கஷ்டம். பன்னிரண்டு கீயின் கனத்தால் பெல்ட்டில் தொங்கவிட்டுக் கையை எடுத்தால் ஹெட்ஸ்டாக் கீழே சரிகிறது. கோயில் திருவிழா மேடையில் மூன்று மணி நேரம் நின்று வாசிக்கிறவருக்கும் பூசை முழுக்கப் பாடகர் குழுவோடு நிற்கிறவருக்கும் இடது தோள் வலிக்கும். உள்பக்கம் சொரசொரப்பான தோல் பெல்ட் பாதி தீர்வு.

மின் வேலையில் ஒரு குறை. பிரிட்ஜ் பிக்கப் 7.1 கிலோ ஓம், நெக் பிக்கப் 6.8, இரண்டும் மினி ஹம்பக்கருக்குப் பொருத்தமான அளவு. ஆனால் கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் குறையவில்லை, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது. இந்த அறிகுறியைக் கண்டால் கம்பிக்குப் போக வேண்டிய எர்த் வயர் தொடர்பில் இல்லை என்று அறியலாம். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை ஜாக்கின் வெளி உலோகத்திலும் தொட்டபோது சத்தமே இல்லை. டெயில்பீஸ் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் வயர் இருக்கிறது, பெயின்ட்டின் மேல் நசுங்கிக் கிடக்கிறது. தகட்டின் உட்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுரண்டி, வயரின் செப்பு இழைகளை விரித்து வைத்து முடுக்கியதும் மீட்டர் கத்தியது. பத்து நிமிஷ வேலை. எர்த் இல்லாத பிளக் பாயின்ட்டில் ஆம்ப்ளிஃபயரைச் சொருகாதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்படிச் சொருகினால், கம்பி எர்த்தோடு சேர்ந்த பிறகு, மேடையில் மைக்கும் கம்பியும் ஒரே நேரத்தில் உடம்பில் பட்டால் ஆபத்து.

செமி-ஹாலோ என்பதால் பாடியை விரல் கணுவால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். உள்ளே காய்ந்த புளியங்காய் குலுங்குவது போல ஏதாவது கேட்டால் மரச்சட்டம் ஒட்டு விட்டிருக்கிறது. இதில் எதுவும் கேட்கவில்லை.

குறைகளை ஒதுக்கிவிட்டு ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. நெக் பிக்கப்பில் கிளீன் டோன் வைத்து ஜோடி ஜோடியாகப் பிரித்து மீட்டினால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மேலே ஒரு வெள்ளிச் சரிகை ஓடுகிறது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்தால் அது இன்னும் திறக்கிறது. டிஸ்டார்ஷன் போட்டால் சேறாகிவிடும், எந்த ட்வெல்வ்-ஸ்ட்ரிங்கும் அப்படித்தான். பிக்கப்பைக் கம்பிக்கு மிக அருகில் ஏற்றாதீர்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திய நிலையில் தடித்த பக்கம் 3 மி.மீ., மெல்லிய பக்கம் 2.5 மி.மீ. விட்டதும் மேல் ஸ்தாயிக் கம்பிகள் தனியாகத் தெரிந்தன. சுருதி சேர்க்கும்போது முதலில் தடித்த ஆறையும் சேர்த்துவிட்டு, பிறகு மெல்லியவற்றைச் சேருங்கள், துணைக் கம்பியை விரலால் அடக்கிக்கொண்டு. பின்னால் ஏற்றிய கம்பிகளின் இழுப்பில் முன்னால் சேர்த்தவை இறங்கியிருக்கும். மூன்று சுற்று போனால்தான் நிலைக்கும்.

நம் ஊர்க் காற்றுக்கு இது எப்படித் தாங்கும்? குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், கடலூரில் தேவனாம்பட்டினம் போன்ற கடலோர வீடுகளில் முதலில் துருப்பிடிப்பது சேடில் திருகுகள்தான். துரு ஏறிய பிறகு ஆலன் கீ போட்டால் தலை நைந்துவிடும். வாங்கிய அன்றே ஒவ்வொரு திருகிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, குச்சி நுனியால். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு ஜோடியின் அடிப்பக்கமும் துடைக்க வேண்டும். ஃப்ரெட்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், சிக்குப் பிடித்து நாறும். மினரல் ஆயில் நாலைந்து மாதத்துக்கு ஒரு முறை தடவித் துடைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயின்ட் இல்லாத ஃப்ரெட்போர்டு ஈரம் குடித்து உப்ப, நெக் பின்னோக்கி வளையும். கம்பி முதல் சில ஃப்ரெட்டில் தட்ட ஆரம்பித்தால் ட்ரஸ் ராடை அரைக்கால் சுற்று தளர்த்துங்கள். பங்குனியில் மறுபடி அளந்து இறுக்கிக்கொள்ளலாம். பெட்டிக்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போடுங்கள். அது நிறம் மாறியும் அப்படியே விட்டுவைத்தால் பெட்டியின் வெல்வெட்டில் பூஞ்சை வரும்.

வாங்கலாமா? இந்தக் கிட்டாரை, எலும்பு நட், ஆறு புது சேடில், ஒரு பிரிட்ஜ் புஷ் மூன்றையும் விலைக்குள்ளேயே செய்துதரக் கடைக்காரர் ஒப்புக்கொண்டால், வாங்கலாம். நெக் நேர், முறுக்கல் இல்லை, ராடில் இடம் இருக்கிறது, பிக்கப் நல்லது. ஒப்புக்கொள்ளாவிட்டால் இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பன்னிரண்டு சேடில் உள்ளதாகப் பாருங்கள். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள், மேலே சொன்ன அளவுகளை முதல் இரண்டு நாளிலேயே எடுத்து போட்டோவோடு எழுத்தில் அனுப்புங்கள். குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் விற்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

குதிகாலில் போட்ட பென்சில் குறியை மட்டும் மழைக்காலம் ஒன்று முழுசாகப் போய், தை பிறக்கும் வரை அழிக்க வேண்டாம். கோடு குறியைத் தாண்டி நீண்டிருந்தால் வாரண்டி முடிவதற்குள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள், கம்பியெல்லாம் இரண்டு ஸ்வரம் இறக்கிவிட்டு.